மறு உத்தரவு வரும் வரை

அத்தியாயம் 14

நாத்தனார் கட்சி, பெரிய சிஸ்டர் கட்சி என்று வாசகர்கள் இரண்டாகப் பிரிந்து கடிதம் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். சண்டையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். போன வார இதழை யாருக்கோ இரவல் கொடுத்து ஏமாந்தவர்களுக்காக முதலில் நாலு வரி சொல்லிவிடுகிறேன்.

முதியோர் இல்லத்தின் இரண்டாம் மாடிக்குத் தலைமை நர்ஸ் நம்முடைய பெரிய சிஸ்டர். அதே மாடியில் அவளுக்குக் கீழே வேலை பார்க்கும் சீனியர் நர்ஸ், அவள் கணவனின் அக்கா. ட்யூட்டியில் "சிஸ்டர்", வீட்டில் "அண்ணி". இல்லத்தில் மறதி நோய் உள்ளவர்களுக்கென்று புதிய பிரிவு ஒன்று திறக்கப்போகிறார்கள். அதன் பொறுப்பு இந்த இரண்டு பேரில் ஒருவருக்குத்தான். முதியோரைக் கவனிக்கும் நர்சுகளுக்கான தலைமைப் பயிற்சியில் இரண்டு பேரையும் சேர்த்துவிட்டு, வேடிக்கை பார்க்கிறார் இயக்குநர்.

பயிற்சியின் கடைசிச் சோதனைக்குப் பெயர் 'உத்தரவில்லாத நாள்'. காலை எட்டிலிருந்து மாலை ஐந்து வரை யாருக்கும் எந்தக் கட்டளையும் இடக் கூடாது. கேள்வி மட்டும் கேட்கலாம். கூடவே ஒரு பயிற்சியாளர் வருவார், கையில் அமுக்கி எண்ணும் கருவியோடு. ஒரு கட்டளைக்கு ஒரு 'டக்'. பத்தைத் தாண்டினால் தோல்வி. நாலு மணிக்கு இயக்குநர் முன்னால் கூட்டத்தில் புதிய யோசனை ஒன்றையும் விளக்கிக் காட்ட வேண்டும்.

நாத்தனார் போன வாரமே முடித்துவிட்டாள். மொத்தம் நாலு.

இன்று பெரிய சிஸ்டரின் முறை.

* * *

வீட்டிலேயே கொஞ்சம் பழகிக்கொள்ளலாம் என்று நினைத்து ஆறு மணிக்கு எழுந்தாள்.

"குளிச்சாச்சா?" என்று கணவனைக் கேட்டாள்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் மனிதர். எதையும் தள்ளிப் பிடித்துப் பார்த்துத்தான் பதில் சொல்வார். "இது கேள்வியா, குளின்னு அர்த்தமா?"

"கேள்விதான்."

"அப்படின்னா இன்னும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் விடுமுறை.

பால்கனியில் மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து பஸ் எண்ணிக்கொண்டிருந்தார். முப்பத்து நாலு வருடம் டவுன் பஸ் ஓட்டியவர். இப்போது எந்த பஸ் எத்தனை நிமிடம் தாமதம் என்று மேலேயிருந்து கண்காணிப்பதுதான் உத்தியோகம். தனியாகக் கீழே இறங்க அவருக்கு அனுமதி இல்லை. அது மருமகளின் சட்டம்.

பெரிய சிஸ்டர் ஒரு காலில் ஷூவும் ஒரு கையில் சாப்பாட்டுப் பையுமாக நின்று பயிற்சியைத் தொடர்ந்தாள். "மாமா, இன்னிக்கு நீங்க என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?"

மாமனார் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றினார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து தொண்டையைச் செருமினார்.

"அது வந்தும்மா..."

கீழே ஏழே கால் பஸ்ஸின் ஹார்ன் கேட்டது. பெரிய சிஸ்டர் இன்னொரு ஷூவைக் கையிலேயே தூக்கிக்கொண்டு படியிறங்கி ஓடினாள்.

* * *

"வாங்க, உக்காருங்க" என்றாள் பயிற்சியாளரிடம், மணி சரியாக எட்டுக்கு.

டக், டக்.

"ஐயோ, அது மரியாதைங்க!"

"வாங்கங்கறதை வேணா விட்டுடறேன்" என்றாள் பயிற்சியாளர். முப்பது வயதுகூட இருக்காது. முகத்தில் ஓயாத புன்னகை. "உக்காருங்கங்கறது கட்டளைதான். ஒண்ணு."

ஒன்பதரைக்குள் ஆறு ஆகிவிட்டது. வாயைத் திறந்தால் கட்டளைதான் வந்தது. பதினெட்டு வருடப் பழக்கம் ஒரு நாளில் போகுமா? தந்திரமும் செய்து பார்த்தாள். "அந்தப் படுக்கை விரிப்பை இப்பவே மாத்தணும்னு உங்களுக்குத் தோணலையா?" என்று உதவியாளரம்மாவிடம் தேன் ஒழுகக் கேட்டாள்.

"கேள்வி மாதிரி வேஷம் போட்டா எனக்குத் தெரியாதா மேடம்?" என்று அமுக்கினாள் பயிற்சியாளர்.

பெரிய சிஸ்டர் சாந்தமாகப் பேசி உதவியாளரம்மா பார்த்ததே இல்லை. ஓடிப்போய் நாத்தனாரின் காதைக் கடித்தாள். "பெரிய சிஸ்டருக்கு உடம்பு சரியில்ல போல. என்னைப் பாத்து 'உங்க அபிப்பிராயம் என்ன'ன்னு கேக்கறாங்க."

நாத்தனார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துவிட்டு, எல்லார் கண்ணிலும் படும்படி தெர்மாமீட்டரை எடுத்துக்கொண்டு போனாள். பெரிய சிஸ்டருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "அதை உள்ள வைங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதில் எட்டாவது 'டக்' விழுந்தது. அதற்காகத்தான் வந்தாளோ என்னவோ.

பதினோரு மணிக்கு டாக்டர் வந்தார். ஒன்பதாம் அறையில் நின்றார்.

ஒன்பதாம் அறையில் இருப்பவர் கோர்ட் ஐயா. நீதிமன்றத்தில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எண்பத்தொரு வயது. இந்த மாடியிலேயே தலைவலி கொடுக்கும் ஆள் என்று பெயர் வாங்கியவர். மாலை நாலு மணியானால் கத்துவார். உடற்பயிற்சிக்குக் கூப்பிட்டால் கைத்தடியை ஓங்குவார். ராத்திரி சூப் கிண்ணத்தில் முகத்தை வைத்துத் தூங்கிவிடுவார். அவருடைய கேஸ் ஷீட்டில் 'மாலை நேரக் குழப்பம்' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது.

"மாத்திரையைக் கூட்டிடலாம்" என்று பேனாவைத் திறந்தார் டாக்டர்.

வழக்கமாக இந்த இடத்தில் பெரிய சிஸ்டர் "சரி டாக்டர்" என்பாள். இன்று கேள்வி மட்டும்தான் கேட்கலாம் என்பதால் வேறு வழியில்லாமல், "ஏன் டாக்டர்?" என்றாள்.

டாக்டரின் பேனா நின்றது. "ஏன்னா? சாயந்திரம் கத்தறார்."

"சாயந்திரம் மட்டும் ஏன் கத்தறார்?"

"காலையில எப்படி இருக்கார்?"

"எப்படி இருக்கார்?" என்று திருப்பிக் கேட்டாள் பெரிய சிஸ்டர், திரும்பி நாத்தனாரைப் பார்த்து. நாத்தனார் உதவியாளரம்மாவைப் பார்த்தாள். உதவியாளரம்மா சுவரைப் பார்த்தாள்.

டாக்டர் பேனாவை மூடினார். "நாலு மணிக்கு உங்க கூட்டத்துக்கு நானும் வரேன். அதுக்குள்ள கண்டுபிடிச்சுச் சொன்னா சரி. இல்லாட்டி இன்னிக்கே மாத்திரையைக் கூட்டி எழுதிடறேன்."

கூட்டுகிற மாத்திரை எதுவென்று பெரிய சிஸ்டருக்குத் தெரியும். அதைக் கூட்டினால் கோர்ட் ஐயா கத்த மாட்டார். நடக்கவும் மாட்டார். ஏழாம் அறைக்காரரை அப்படித்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

* * *

அவள் கோர்ட் ஐயாவின் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்த அறையில் அவள் உட்காருவது இதுதான் முதல் தடவை.

"ஐயா, உங்களுக்கு என்ன வேணும்?"

கோர்ட் ஐயா அவளை ஏற இறங்கப் பார்த்தார். அவள் பின்னால் நின்ற பயிற்சியாளரைப் பார்த்தார். "இது விசாரணையா?"

"விசாரிக்கத்தானே வந்திருக்கேன்?"

"தூக்கம் வேணும்" என்றார்.

"ராத்திரி தூக்கம் வரலியா?"

"வருது. நல்லாத்தான் வருது. நாலரைக்கு எழுப்பிக் குளிப்பாட்டிடறீங்க. அதுக்கப்புறம் எங்க தூங்கறது? சாயந்திரம் கண்ணு சொருகும்போது வந்து கையைத் தூக்கு, காலைத் தூக்குன்னா, நான் என்ன கொஞ்சவா செய்வேன்?"

காலை ட்யூட்டிக்கு எட்டு மணிக்கு வருபவள் பெரிய சிஸ்டர். வரும்போது முப்பத்தொரு பேரும் குளித்து, தலை சீவி, வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். பார்க்கப் பெருமையாக இருக்கும்.

"ஏன் நாலரைக்குக் குளிப்பாட்டறோம்?" என்றாள் உதவியாளரம்மாவிடம்.

"நைட் ட்யூட்டி வழக்கம் சிஸ்டர். நான் சேந்ததுலேர்ந்து அப்படித்தான்."

நாத்தனாரைக் கேட்டாள். மாதத்தில் ஒரு வாரம் இரவு ட்யூட்டி அவளுக்கு.

"நீங்க போட்ட ரூல்னு நெனச்சேன்" என்றாள் நாத்தனார்.

"நானா? எனக்கு முந்தி இருந்தவங்க காலத்து வழக்கம் இல்லையா அது?"

"ஆட்சேபிக்கிறேன்" என்றார் கோர்ட் ஐயா கட்டிலிலிருந்து. "உத்தரவு எழுத்துல இருக்கு. தேதி எனக்கு மனப்பாடம். வாங்க காட்டறேன்."

வாக்கரைத் தள்ளிக்கொண்டு அவர் முன்னால் போக, பெரிய சிஸ்டர், நாத்தனார், பயிற்சியாளர் மூவரும் பின்னால் ஊர்வலம் போனார்கள். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். கதவின் உட்புறம் நர்சுகள் குளிப்பாட்டும்போது போட்டுக்கொள்ளும் பிளாஸ்டிக் கோட்டுகள் தொங்கின. அவற்றை எடுத்ததும், ஈரத்தில் பழுப்பேறிய தாள் ஒன்று தெரிந்தது. நாலு மூலையிலும் டேப்.

*பாய்லர் பழுது. அதிகாலை 4.30 முதல் 6 வரை மட்டுமே வெந்நீர் கிடைக்கும். அனைவரையும் அந்த நேரத்துக்குள் குளிப்பாட்டவும். மறு உத்தரவு வரும் வரை.*

கீழே தேதி. ஆறு வருடம் இரண்டு மாதத்துக்கு முந்தையது. அதற்கும் கீழே ஒரு கையெழுத்து, வால் நீட்டி, அடியில் இரண்டு கோடு போட்டு.

அந்த இரண்டு கோடு இந்தக் கட்டடத்தில் ஒருத்திக்குத்தான் சொந்தம்.

பாய்லர் நாலு நாளில் சரியாகிவிட்டது அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. பழுதுபார்த்தவருக்குத் தேநீர்கூடக் கொடுத்தாள். மறு உத்தரவு போட மறந்துவிட்டாள். பாய்லரையே மாற்றிவிட்டார்கள், உத்தரவை யாரும் மாற்றவில்லை.

"கோட்டை எடுத்து மாட்டிக்கிட்டதும் தாள் தெரியும்" என்றார் கோர்ட் ஐயா. "குளிக்கற நாற்காலி கதவைப் பாத்துத்தான் போட்டிருக்கு. குளிப்பாட்டறவங்க முதுகு கதவுப் பக்கம். அதனால படிக்கறது நாங்க மட்டும்தான். தினமும் படிக்கறேன்."

"ஏன் ஐயா இத்தனை நாள் சொல்லல?" என்றாள் பெரிய சிஸ்டர்.

"மேல்முறையீடு உத்தரவு போட்டவங்ககிட்டயே பண்ணணும். அவங்க எப்பவும் வேகமாப் போயிட்டே இருப்பாங்க. ரெண்டு தடவை ஆரம்பிச்சேன். 'அப்புறம் வரேன் ஐயா'ன்னாங்க."

பயிற்சியாளர் கருவியை மறந்து நின்றாள். பெரிய சிஸ்டருக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆறு வருடம், முப்பத்தொரு பேர், தினமும் நாலரைக்கு. கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

அந்தச் சமயத்தில் நாத்தனார் கை நீட்டி, தாளை மூலை மூலையாகப் பிய்த்து, நாலாக மடித்துத் தன் சீருடைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"குடுங்க அதை!"

டக். ஒன்பது.

பெரிய சிஸ்டர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அதை என்ன பண்ணப் போறீங்க?"

"பாப்போம்" என்று சொல்லிவிட்டு நாத்தனார் போய்விட்டாள். நாத்தனார் கட்சிக்காரர்கள் இப்போது கைதட்டிக்கொள்ளலாம்.

* * *

நாலு மணிக்கு இயக்குநர் அறை. டாக்டர், பயிற்சியாளர், நாத்தனார், பெரிய சிஸ்டர். மேஜையில் பெரிய சிஸ்டரின் பன்னிரண்டு வண்ணப் படங்கள் தயாராக இருந்தன. தலைப்பு: 'கை கழுவும் பழக்கம் - ஒரு புதிய பார்வை'. இரண்டு வாரம் கஷ்டப்பட்டுச் செய்தது.

"விளக்கைக் கொஞ்சம் அணைங்களேன்" என்றாள் பழக்கதோஷத்தில்.

டக். பத்து. இனி ஒன்றுகூடத் தாங்காது.

அவள் படங்களைப் பார்த்தாள். நாத்தனாரின் சட்டைப் பையைப் பார்த்தாள். எதுவும் பேசாமல் கை கழுவிவிட்டுப் போய்விடலாம்; புதிய பிரிவு அநேகமாகக் கிடைத்துவிடும். நாத்தனார் தாளை நீட்டினால் அவமானம். நீட்டாவிட்டால் கோர்ட் ஐயாவுக்கு மாத்திரை.

படங்களை மூடி வைத்தாள்.

"டாக்டர், நாலரைக்கு எழுப்பிவிட்டா உங்களுக்கு சாயந்திரம் எப்படி இருக்கும்?" என்று ஆரம்பித்தாள். பாய்லர், தாள், கையெழுத்து, எதையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லி முடித்தபோது இயக்குநர் முகத்தில் ஈயாடவில்லை.

டாக்டர் மட்டும் மெல்லத் தலையாட்டினார். "ரெண்டு வாரம் தூங்க விட்டுப் பாக்கலாம். மாத்திரை இப்ப வேண்டாம்."

இயக்குநர் கனைத்தார். "நல்ல விஷயம்தான். ஆனா இரவு ஷிஃப்டு வேலைப் பங்கீடு எல்லாம் மாறுமே? ஒரு குழு அமைச்சு, மூணு மாசம் ஆராய்ஞ்சு, அறிக்கை..."

பெரிய சிஸ்டர் பயிற்சியாளரின் கட்டைவிரலைப் பார்த்தாள். பயிற்சியாளர் அவளைப் பார்த்தாள். 'வேண்டாம் மேடம்' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

"இன்னிக்கு ராத்திரியிலேர்ந்து யாரையும் நாலரைக்கு எழுப்பக் கூடாது" என்றாள் பெரிய சிஸ்டர். "யார் யாருக்கு எப்பக் குளிக்கப் பிடிக்குதோ, அப்பக் குளிக்கட்டும். இது மறு உத்தரவு."

பிறகு, மிக மெதுவாக, டக்.

"பதினொண்ணு" என்றாள் பயிற்சியாளர். அவள் புன்னகையை அப்போதுதான் முதல்முறையாகக் காணவில்லை. "அதையே கேள்வியா கேட்டிருக்கலாமே மேடம்?"

"கேட்டிருந்தா குழு போட்டிருப்பாங்க."

டாக்டர் சிரித்துவிட்டு இருமலாக்கி மறைத்தார். அப்போது நாத்தனார் எழுந்தாள். பையிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் வைத்து நீவினாள்.

"இதை நானேதான் வெளிய எடுக்கலாம்னு இருந்தேன்" என்றாள். "பொய் சொல்ல மாட்டேன், இவ மறைச்சிருந்தா எடுத்திருப்பேன். ஆனா ஒண்ணு. கையெழுத்து இவளோடது. நாலரைக்கு எழுப்பின கை என்னோடது. ஆறு வருஷத்துல ஏன்னு ஒரு தடவை நான் கேக்கல. என் நாலோட அதையும் கூட்டிக்கோங்க."

முடிவைத் திங்கட்கிழமை சொல்வதாக இயக்குநர் எழுந்துவிட்டார். போகிற போக்கில் தாளைப் பத்திரமாக எடுத்துக்கொண்டார். எதற்கு என்று தெரியவில்லை.

* * *

திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்தார்கள். நாத்தனாருக்கு அடுத்த தெருவில் வீடு.

"தெர்மாமீட்டர் எதுக்குக் கொண்டு வந்தீங்க அண்ணி?"

"எட்டாவது வாங்கத்தான்" என்றாள் நாத்தனார், கொஞ்சமும் கூச்சப்படாமல். இருவரும் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்தம் வரும்வரை நிறுத்த முடியவில்லை. "அப்பாவைப் பாத்துட்டுப் போறேன்" என்று அவளும் கூடவே இறங்கினாள்.

பால்கனி நாற்காலி காலியாக இருந்தது.

"மாமா?" என்று கூப்பிட்டாள் பெரிய சிஸ்டர். குளியலறையில் இல்லை. கட்டிலில் இல்லை. வாசலில் அவருடைய பழைய பிரவுன் ஷூவைக் காணோம். கடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்த கணவர் சட்டைப் பொத்தானில் கை வைத்தபடி, "நீ எங்கயாவது அனுப்பியிருப்பேன்னு நெனச்சேன்" என்றார்.

நாற்காலியில் செய்தித்தாளுக்கு அடியில் ஒரு துண்டுச்சீட்டு. பஸ் நேர அட்டவணை எழுதுகிற அதே பெரிய பெரிய எழுத்து.

*இன்று என்ன செய்யப்போகிறேன் என்று காலையில் கேட்டாய். மூன்று வருடத்தில் யாரும் கேட்கவில்லை. பதில் சொல்வதற்குள் பஸ் வந்துவிட்டது. தனியாகக் கீழே இறங்கக் கூடாது என்பது உன் உத்தரவு. அதை மீறவில்லை. கூட ஒருவர் இருக்கிறார். சாப்பாட்டுக்கு வந்துவிடுகிறோம். இரண்டு தட்டு கூடுதலாக வை.*

பெரிய சிஸ்டர் அதே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். மூன்று வருடத்துக்கு முன் படியில் விழுந்து கால் முறிந்தபோது, "நான் சொல்ற வரைக்கும் தனியா இறங்கக் கூடாது மாமா" என்றாள். மாவுக்கட்டு இரண்டு மாதத்தில் பிரித்தாயிற்று. அவள் சொல்லவே இல்லை. இதற்குத் தாள் எழுதி ஒட்டவும் இல்லை.

"இரண்டு தட்டுன்னா?" என்றாள் நாத்தனார், சீட்டை வாங்கிப் படித்துவிட்டு. "அவருக்கு ஏற்கெனவே ஒரு தட்டு இருக்கே! அப்ப வர்றது ஒருத்தரா, ரெண்டு பேரா?"

கீழே படியில் காலடிச் சத்தம் கேட்டது. நிதானமான ஒரு ஜோடி, அதைச் சுற்றி வேறு சத்தங்கள். கூடவே மாமனாரின் சிரிப்பு. மூன்று வருடமாக இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு.

நாத்தனார் ஓடிப்போய்க் கைப்பிடிச் சுவரில் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ, இவங்களா!"

படியைப் பார்த்து வாங்க, கைப்பிடியைப் பிடிங்க, மெதுவா, மெதுவா என்று பெரிய சிஸ்டரின் தொண்டைவரை நாலு உத்தரவு வந்துவிட்டன. எண்ணுவதற்கு இங்கே யாரும் இல்லை. இருந்தும் விழுங்கினாள். கதவை அகலத் திறந்தாள்.

"மாமா, இன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்றாள்.

ஒரு படிக்கு ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு மாமனார் ஏறிவந்தார். மேலே வந்து, கண்ணாடியைக் கழற்றி, தொண்டையைச் செருமினார்.

"அது வந்தும்மா..."

தெருவில் பஸ் ஒன்று ஹார்ன் அடித்துவிட்டுப் போயிற்று. பெரிய சிஸ்டர் அசையாமல் வாசலிலேயே நின்றாள்.

(தொடரும்)